மட்டக்களப்பிலிருந்து பலாலி எத்துணைத் தூரம்?

திமிலைதீவிலுள்ள மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து பலாலிக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 290 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கடல் கடந்து அந்நிய நாடு செல்ல யாழ்ப்பாணத்தவருக்கு விமானம் உண்டு. அதனிலும் அண்மையிலுள்ள மட்டக்களப்புக்கு வர விமானச் சேவை இல்லை!

மட்டக்களப்பார் யாழ்ப்பாணம் போவது எவ்வாறு? வீதிவழி 350 கிலோமீற்றருக்கு மேல். ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் கழிய வேண்டும். புகையிரதத்தை நாடுவோர் மாகோ சந்திவரை சென்று, வண்டி மாறி, மறுபடியும் வடக்கே திரும்ப வேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றும் கதை இதுதான். சிறிய விமானமொன்றுக்கோ இது ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். வாவியின் இரு கரையிலும் வாழும் நம் மக்களுக்குத் தூரமென்பது மைல் கணக்கன்று என்பதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையிலுள்ள நீர் எவ்வளவு என்று அவர்கள் கேட்பதில்லை; பாதை எப்போது வரும் என்றே கேட்பர்.

1958 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மட்டக்களப்பு விமான நிலையம் 1983 இல் விமானப்படையின் கைக்குப் போயிற்று. 2018 மார்ச்சில் பொதுமக்களுக்கென மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. இரண்டுக்கும் விழா நடந்தது, மாலைகள் விழுந்தன. ஓடுபாதைகள் இரண்டையும் இணைக்கும் நேரசூசிகை ஒன்றுதான் எழுதப்படவில்லை.

பயணிகள் போதார், நட்டம் வரும் என்பர். அந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அயலிலுள்ள இந்தியா அதற்கு ஒரு வழி கண்டது. 'உடான்' திட்டத்தின்கீழ், ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஆசனங்களிற் பாதியை 2,500 ரூபாவுக்கு மேற்படாமல் விற்குமாறு விதித்து, கம்பெனிக்கு நேரும் குறையை ஈடுசெய்ய நிதியும் வழங்கிற்று. 2017 ஏப்ரிலில் சிம்லாவிலிருந்து டில்லிக்கு அத்திட்டத்தின் முதல் விமானத்தை ஓட்டிய அலையன்ஸ் ஏர் கம்பெனியே, 2019 இல் சென்னையிலிருந்து பலாலிக்கும் பறந்தது. உடான் வழிகளிற் பல இடையில் நின்றுபோனதையும் நாம் மறைக்கவில்லை. ஆகவேதான் நாள்தோறும் விமானம் வேண்டுமென்று கேட்கவில்லை.

மாகாண சபையிடம் கேளுங்கள் என்று கைகாட்டுவோருக்கும் ஒரு சொல். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் விமானப் போக்குவரத்தையும் விமான நிலையங்களையும் ஒதுக்கிய நிரலில் வைத்துவிட்டது. அதிகாரத்தை முழுதாகத் தன்னிடம் வைத்துக்கொண்ட கொழும்பு, பொறுப்பை மட்டும் பிறர் தலையில் ஏற்ற முடியாது. சட்டம் படித்தவர்க்கு மட்டுமன்று, சாதாரண அறிவுடைய எவர்க்கும் இது விளங்கும்.

வந்தாறுமூலையிற் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவரும், திருநெல்வேலியிற் படிக்கும் மட்டக்களப்பு மாணவரும், நோயாளரை அழைத்துச் செல்வோரும், வழக்குத் தவணைக்கு ஓடுவோரும் இந்த இரவுப் பஸ்ஸிலேயே கண்விழித்துச் செல்கின்றனர். அவர்கள் பொருட்டு நாம் கேட்பது இது: வாரத்தில் இரண்டு நாள், சிறிய விமானம், சாதாரணர் தாங்கக்கூடிய கட்டணம், ஓராண்டு காலம் மாறாத நேரசூசிகை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகை ஒதுக்கப்படுகிறதா என்பதை வடக்குக் கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராது ஒருங்கே எழுந்து கேட்கட்டும். அவர்கள் கேட்கிறார்களா என்பதை நாம் கவனித்திருப்போம்.