உங்கள் அளவுக்கு ஒரு சைக்கிள்



சட்டை தைக்கக் கொடுத்தால் அளவு கொடுக்கிறோம். கழுத்து அரை அங்குலம் இறங்கிவிட்டாலும் திருப்பிக் கொடுத்துச் சரி செய்விக்கிறோம். செருப்பு வாங்கினால் கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்க்கிறோம். சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஏன் இந்தக் கவனம் இல்லை? வாப்பாவுடையதோ நானாவுடையதோ, வீட்டில் எது நிற்கிறதோ அதில் ஏறி ஓடச் சொல்கிறோம். கால் எட்டாமல், முதுகு வளைந்து, உடுப்பு சில்லில் மாட்டி ஒரு நாள் விழுந்தால், "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது சரிவராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

சின்ன வயதில் தம்பியோடு போட்டி போட்டு ஒழுங்கையில் சைக்கிள் ஓடிய மகள், பெரிய பிள்ளையானதும் இறங்கிவிடுகிறாள். சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. அன்றிலிருந்து டியூஷனுக்குப் போவதென்றாலும் உம்மாவுக்கு மருந்து வாங்குவதென்றாலும் யாராவது கூட்டிப்போக வரும்வரை வாசலில் காத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முச்சக்கர வண்டிக்குக் காசு தேட வேண்டும். ஏன் விட்டாய் என்று கேட்டால், "அபாயாவோடு எப்படி ஓடுவது?" என்பாள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் சைக்கிள் திருத்தும் கடையிலேயே இருக்கிறது.

முதலில் சீட்டைப் பாருங்கள். சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கியிருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடியும். அதுதான் சரியான உயரம். சீட் பதிந்திருந்தால் முழங்கால் நோகும். பழகும் நாட்களில் மட்டும் இரண்டு காலும் தரையில் படும்படி பதித்து வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஹேண்டில் சீட்டை விடச் சற்று உயர்ந்திருந்தால் முதுகு நிமிர்ந்திருக்கும்.

அடுத்தது உடுப்பு. செயினை முழுதாக மூடும் கவர் ஒன்றும், பின் சில்லின் இரு பக்கமும் வலை அல்லது பிளாஸ்டிக் தடுப்பும் போடுவியுங்கள். இது பெரிய செலவில்லை. நீண்ட உடுப்பின் ஓரமும், முந்தானையும், பின்னால் இருக்கும் பிள்ளையின் காலும் கம்பிகளுக்குள் போகாமல் காப்பது இதுதான். உள்ளே காற்சட்டை அணிந்து, அபாயாவின் ஓரத்தை ஒரு கிளிப்பால் ஒதுக்கிக்கொண்டால் மனப்பயமும் போய்விடும்.

முன் கூடையில் பாரமில்லாத சாமான்களை மட்டும் வையுங்கள். முன்னால் பாரம் கூடினால் ஹேண்டில் இழுக்கும். அரிசியும் தேங்காயும் பின் கரியருக்கு. மணி, முன் விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு ஒளிதெறிப்பான் ஆகிய மூன்றும் கட்டாயம். வாரம் ஒரு முறை டயரின் காற்றைப் பாருங்கள். செயினைத் துணியால் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் சில துளிகள் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். தூசி பிடித்துப் பிசுக்காகிவிடும்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு முன்னின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்தது. ஆண்கள் சைக்கிளை விரும்பிக் கேட்ட பெண்களும் இருந்தார்களாம். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையிலுள்ள பாரில் பிள்ளையை இருத்தலாமே! தமக்கு என்ன தேவை என்பதை அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நம் நாட்டிலும் 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றபோது, மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. புதியவற்றின் விலையும் ஏறியது. வரிசை குறைந்ததும் பல சைக்கிள்கள் மறுபடி மூலைக்கே போய்விட்டன. இரண்டு கிலோமீற்றர் நடந்தால் அரை மணி நேரம் போகும். சைக்கிளில் பத்து நிமிடம் போதும். காலைக் காற்று முகத்தில் பட, யாரையும் எதிர்பாராமல் போய்த் திரும்பும் சந்தோஷம் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

ஆகவே சகோதரிகளே, இந்த வாரம் அந்தச் சைக்கிளை வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள். கடைக்குக் கொண்டுபோகும்போது மகளையும் கூட்டிச் செல்லுங்கள். அவளைச் சீட்டில் இருத்தி, அவளுடைய காலுக்கு அளவு பார்த்து நட்டை இறுக்கச் சொல்லுங்கள். தம்பிக்கு வேறொன்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.