ராஸ்பெர்ரி பை, ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கரண்ட் கட்

"ராஸ்பெர்ரி பை ஒண்ணு வாங்கி ஹார்ட் டிஸ்க்கை சொருகிட்டா வீட்டுக்கு சர்வர் ரெடி, போட்டோ எல்லாம் பத்திரம்"னு யாராவது சொன்னா இப்பல்லாம் எனக்கு லேசா உதறுது. ஆபீஸ் கேன்டீன்ல நாலு பேரை உக்கார வச்சு இதே வசனத்தைப் பேசினவன் நான்தான்.

சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடறேன். பையில (துணிப்பை இல்லீங்க) சர்வர் கட்டுங்க, தாராளமா கட்டுங்க. ஆனா கட்டினதாலேயே உங்க போட்டோ பத்திரமாயிடுச்சுன்னு நம்பாதீங்க.

2021 ஜூன் 1ல கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்தி எல்லாத்தையும் 15 ஜிபி கணக்குல சேர்த்தாங்க இல்லையா, அப்பதான் எனக்கு இந்த ஆசை வந்தது. நேரமும் நல்லா அமைஞ்சது. 2012ல வந்த முதல் பையில 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க், அதுவும் யூஎஸ்பி 2.0 வழியாத்தான் போகும். ஒரு சினிமாவை காப்பி பண்ணப் போட்டுட்டு சாப்பிட்டு வந்துடலாம். 2019 ஜூன்ல வந்த பை 4ல தான் நிஜமான கிகாபிட் நெட்வொர்க்கும் யூஎஸ்பி 3.0வும் வந்தது. நல்ல டிஸ்க்கா இருந்தா செகண்டுக்கு 100 எம்பிக்கு மேலயே போகும். வீட்டுக்கு இது போதும்.

சாஃப்ட்வேர் பக்கம் பெரிய கஷ்டம் இல்லை. ஓப்பன்மீடியாவால்ட் போட்டுக்கலாம், இல்லேன்னா வெறும் லினக்ஸ்ல சாம்பா போதும். அந்த சாம்பாவை 1992ல ஆரம்பிச்ச ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்தான், காப்பி எடுக்க நாம பயன்படுத்தற ஆர்சிங்க்கையும் இன்னொருத்தரோட சேர்ந்து எழுதினவர். மனுஷனுக்கு கோயில் கட்டலாம்.

என் கட்டுமானம் இதுதான். பை 4, கூட ரெண்டு டிஸ்க். ஒண்ணு 2.5 இன்ச், யூஎஸ்பிலயே கரண்ட் எடுத்துக்கும். இன்னொண்ணுக்கு தனி அடாப்டர். தினமும் ராத்திரி 2 மணிக்கு முதல் டிஸ்க்கை ரெண்டாவதுல அப்படியே காப்பி எடுக்கற மாதிரி ஆர்சிங்க். ரெண்டும் அச்சு அசலா இருக்கணும்னு டிலீட் ஆப்ஷனையும் போட்டிருந்தேன். அதாவது முதல்ல இல்லாத ஃபைல் ரெண்டாவதுலயும் இருக்கக்கூடாது. எவ்வளவு சுத்தம்!

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. பை தானா ரீபூட் ஆச்சு. மறுநாள் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டிருக்கும்போது அம்மா போன்.

"டேய், டிவில தாத்தா வீடியோ எதுவும் வரலைடா. அந்த டப்பாவை நீ ஏதாவது நோண்டினியா?"

"இல்லம்மா, வந்து பாக்குறேன்."

வந்து பார்த்தா முதல் டிஸ்க் போல்டர் காலி. சரி, ரெண்டாவது இருக்கேன்னு அதைத் திறந்தேன். அதுவும் சுத்தமா காலி. 800 ஜிபி. அதுல தாத்தா தன்னோட ரயில்வே காலத்தைப் பத்திப் பேசின நாற்பது நிமிஷ ஆடியோவும் இருக்கு. அவர் இப்ப இல்லை. வேற எங்கயும் காப்பி இல்லை. நாற்காலில உக்காந்தவன் பத்து நிமிஷம் எந்திரிக்கலை.

நடந்தது என்னன்னா, பை 4ல எல்லா யூஎஸ்பி போர்ட்டும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் தரும். 2.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போதே கிட்டத்தட்ட 1 ஆம்பியர் கேட்கும். நானோ 5.1 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை வாங்காம பழைய மொபைல் சார்ஜரை மாட்டியிருந்தேன். வோல்டேஜ் குறைஞ்சா ஸ்கிரீன்ல மின்னல் குறி வரும், ஆனா என் பைக்கு ஸ்கிரீனே இல்லையே! டிஸ்க் எழுந்திருக்கலை. டிஸ்க் இல்லேன்னாலும் பூட் ஆகட்டும்னு நோஃபெயில் போட்டிருந்ததால சிஸ்டமும் சத்தமில்லாம வந்துடுச்சு. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்துல வெறும் போல்டர். 2 மணிக்கு ஆர்சிங்க் வந்து, "ஓ, முதல்ல ஒண்ணுமே இல்லையா"ன்னு ரெண்டாவதையும் கூட்டிப் பெருக்கிடுச்சு. அது தப்பே பண்ணலை, சொன்னதைத்தான் செஞ்சது.

நல்லவேளை, முதல் டிஸ்க்கை கழட்டி லேப்டாப்ல சொருகினதும் எல்லாம் அப்படியே இருந்தது. திரும்ப காப்பி ஆன அந்த அஞ்சு மணி நேரமும் ஃபேன் காத்துல டிஸ்க் ஆடிடுமோன்னு ஃபேனைக் கூட போடலை.

இதனாலதான் "நான் ரெய்டு 1 போட்டிருக்கேன்"னு சொல்றவங்களோட சண்டைக்குப் போறேன். ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம இருக்கறதுக்கு. நீங்களே அழிச்சதை அது ரெண்டு டிஸ்க்லயும் அழிக்கும், அதுவும் அந்த நொடியிலேயே. எனக்காவது ராத்திரி 2 மணி வரைக்கும் டைம் இருந்தது. ரெடிமேட் பொட்டி வாங்கினா தப்பிச்சுடலாமான்னா அதுவும் இல்லை. 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் வச்சிருந்தவங்க நிறைய பேருக்கு இன்டர்நெட் வழியா யாரோ ரீசெட் பண்ணி மொத்தமும் போச்சு. 2015க்கு அப்புறம் அப்டேட்டே வராத பொட்டி அது. அதனால வெளியில இருந்து பார்க்கணும்னா வயர்கார்டு போடுங்க, ரவுட்டர்ல போர்ட்டைத் திறந்து விடாதீங்க.

காசு மிச்சம்னும் சொல்லாதீங்க. சரியான சப்ளை, அடாப்டரோட டிஸ்க், ரவுட்டருக்கும் பைக்கும் குட்டி யூபிஎஸ்னு கூட்டினா போர்டு விலை அதுல ஒரு ஓரமா நிக்குது. 2023ல வந்த பை 5லயும் இதே கதைதான். 3 ஆம்பியர் சப்ளை மாட்டினா யூஎஸ்பிக்கு 600 மில்லிஆம்பியர்தான் விடும், 1.6 ஆம்பியர் வேணும்னா 5 ஆம்பியர் சப்ளை வாங்கணும்.

இப்ப என் ஸ்கிரிப்ட்ல முதல் வரியே டிஸ்க் நிஜமாவே மவுண்ட் ஆகியிருக்கான்னு பார்க்கறதுதான். இல்லேன்னா அங்கயே நின்னு எனக்கு மெயில் போடும். டிலீட் ஆப்ஷனைத் தூக்கியாச்சு. தேதிவாரியா தனித்தனி போல்டர், மாறாத ஃபைலுக்கு ஹார்ட் லிங்க், அதனால இடமும் அதிகம் தின்னாது. மூணாவதா ஒரு டிஸ்க் திருச்சில அக்கா வீட்டு பீரோவுல இருக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசா காப்பி எடுத்து மாத்தி வச்சுட்டு வருவேன். சும்மாதானே கிடக்கு, நாலு சினிமா ஏத்திக்கலாமான்னு மாமா கேட்டிருக்கார். தொடவே கூடாதுன்னு அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.