அலை வடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்

மகோதோ ஷின்காய் இயக்கிய ‘சுசுமே’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் 2023 ஏப்ரலில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. மேகம், மழை, ரயில் ஜன்னலில் விழும் வெயில் என எந்தக் காட்சியையும் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரசிகர்கள் கொண்டாடியதும் இதைத்தான். ஆனால், அந்த அழகைப் படமே ஓரிடத்தில் சந்தேகிக்கிறது. அங்கேதான் அது பெரிய படமாகிறது.

2011 மார்ச் 11 சுனாமியில் தாயைப் பறிகொடுத்தபோது சுசுமேவுக்கு நான்கு வயது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, க்யூஷுவில் சித்தியின் வளர்ப்பில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பாழடைந்த இடங்களில் திறந்துகொள்ளும் மாயக் கதவுகளைச் சாத்த ஊர் ஊராக அலைந்து, கடைசியில் பிறந்த ஊருக்கே காரில் கிளம்புகிறாள். ஃபுகுஷிமா பக்கம் வண்டி நிற்கிறது. அணு உலை விபத்தால் ஆளில்லாமல் போன ஊர். வீடுகளைச் செடிகொடி மூடியிருக்க, அப்பால் கடல். கூட வந்த இளைஞன் என்ன அழகு என்று வியக்கிறான். இதுவா அழகு என்று அவள் திகைக்கிறாள். படத்தின் துரத்தல் காட்சிகள் எல்லாம் சேர்ந்தும் சொல்லாததை இந்த அரை நிமிடம் சொல்லிவிடுகிறது.

மாயக் கதவு ஒவ்வொன்றையும் பூட்டுமுன், சுசுமே அந்த இடத்தில் வாழ்ந்தவர்களின் குரல்களுக்குக் காதுகொடுக்க வேண்டும். சாகப் பயமில்லை என்று சொல்லித் திரிந்தவள், ஊரார் குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் சொந்தக் கதவுக்கு வந்துசேர்கிறாள். சிறுவயது நாட்குறிப்பில் அந்த மார்ச் 11 பக்கம் முழுக்கக் கறுப்பு கிரேயான். இத்தனை வண்ணம் இறைத்த படத்தில் எனக்கு மறக்காதது அந்தக் கறுப்புதான்.

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்காரருக்கு இது வெறும் மாயக்கதையாகத் தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் நகரியத்துக்குள் கடல் புகுந்தது, உயிர்கள் போயின. அணுமின் நிலையத்தின் நீரேற்றுக் கூடத்தில் தண்ணீர் ஏறியதால் உலை நிறுத்தப்பட்டது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்துப்போட, பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. 2005இல் தொல்லியல் துறை தோண்டியதில் பழைய முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. சுனாமி என்றதும் வருகிற பயணிகளிடம் நாம் பெருமையாகச் சொல்வது இந்தக் கோயில் கதையைத்தான். குப்பத்து வீடுகளின் கதையை யார் கேட்டோம்?

நம் சினிமாவும் கேட்கவில்லை. ‘தசாவதாரம்’ (2008) படத்தில் அலை வந்து கிருமியை ஒழித்துக் கதையை முடித்துவைக்கிறது. ‘கயல்’ (2014) படத்திலும் அது உச்சக்காட்சிதான். ஷின்காயோ அலை பாய்ந்து வரும் காட்சியை வைக்கவே இல்லை. அது விட்டுச்சென்ற சிதிலங்களையும் அவற்றினூடே அம்மாவைத் தேடும் ஒரு குழந்தையையும் காட்டுகிறார். இதற்கு ஜப்பானியத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

2004இல் நான்கு வயதாக இருந்த நம் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் இன்று இருபதைத் தாண்டிவிட்டார்கள். தமிழ் இயக்குநர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கட்டும். கதையை அலைக்கு மறுநாளிலிருந்து தொடங்கட்டும்.