கொடியவன் வீழ்ந்தான், கொடுங்கோல் வீழ்ந்ததா?

ஒரு நூலை வெறுப்பவன் அதன் முடிவைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. பாதியிலே மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஏழு பாகங்களையும் ஒரு தடவைக்கு மேல் வாசித்தவனே கடைசிப் பக்கத்தில் நின்று ஆசிரியரோடு வழக்காடுவான். ஜே. கே. ரௌலிங்கின் ஹரி பொட்டர் நாவல் வரிசை பற்றி நான் இங்கே எழுத வந்திருப்பது அத்தகையதொரு வழக்கே. சூனியக்காரர் கதை, சிறுபிள்ளை விளையாட்டு என்று அட்டையைப் பார்த்தே ஒதுக்கிவிடும் அறிஞர் பெருமக்கள் தயவு செய்து என் கட்சியில் வந்து சேர வேண்டாம். இந்த விடயத்தில் அவர்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

முதற்பாகம் லண்டனில் ப்ளூம்ஸ்பரி நிறுவனத்தால் 1997 ஜூன் 26ஆம் திகதி வெளியிடப்பட்டது. ஏழாவதும் இறுதியுமான பாகம் 2007 ஜூலை 21ஆம் திகதி வெளிவந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஒரு தலைமுறை அந்தக் கதையோடு சேர்ந்தே வளர்ந்தது. 80க்கும் மேற்பட்ட மொழிகள், 60 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் என்று இன்று கணக்குச் சொல்கிறார்கள். விற்பனையை வைத்து இலக்கியத்தை எடைபோடுவது என் வழக்கமல்ல. ஆயினும் இத்தனை கோடிப் பேர் வாசித்த நூல் தன் முடிவில் என்ன சொல்லிச் சென்றது என்று கேட்பது அவசியமாகிறது.

இந்நாவல்களில் என்னைக் கட்டிப் போட்டது மந்திரமல்ல. துடைப்பத்தில் ஏறிப் பறப்பதையும் பேசும் தொப்பியையும் பிள்ளைகளுக்கே விட்டுவிடுகிறேன். ரௌலிங் படைத்த மந்திரவாதிகளின் உலகத்தில் ஓர் அமைச்சு இருக்கிறது. ஒரு வங்கி இருக்கிறது. ஒரு சிறைச்சாலை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தினசரிப் பத்திரிகை இருக்கிறது. அரசு எப்படிப் பொய் சொல்கிறது, அந்தப் பொய்யைப் பத்திரிகை எப்படிச் செய்தியாக்குகிறது, செய்தியை மக்கள் எப்படி உண்மையாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகச் சிறுவருக்கு எடுத்துச் சொன்ன வேறொரு நூல் வரிசையை நான் அறியேன். அச்சுமையின் மணத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இதை நான் துணிந்து கூறுவேன்.

அந்தத் தினசரியின் பெயர் 'டெய்லி ப்ரொபெட்'. நான்காம் பாகத்தில் அதன் நிருபர் ரீட்டா ஸ்கீட்டர் நமக்கு அறிமுகமாகிறாள். செவ்வி வழங்குபவர் சொல்லாததையெல்லாம் சொன்னதாகத் தானே எழுதிக்கொள்ளும் இறகுப்பேனா ஒன்று அவளிடம் உண்டு. அத்தகைய பேனாக்கள் மந்திர உலகத்தில் மட்டுமே உள்ளன என்று நம்புவோர் எங்கள் தொழிலை அறியாதவர்கள். ஐந்தாம் பாகத்தில் கொடியவன் வோல்டெமோர்ட் மீண்டு வந்துவிட்டான் என்ற உண்மையை அமைச்சர் ஃபஜ் மறைக்கிறார். ப்ரொபெட் அவருக்குத் துணை போகிறது. கண்ணாற் கண்டதைச் சொன்ன சிறுவன் ஹரியைப் புகழாசை பிடித்த பொய்யன் என்று நாள்தோறும் எள்ளி நகையாடுகிறது. உண்மையை வெளியிட முன்வருவது யார்? கண்ட கண்ட கட்டுக்கதைகளையெல்லாம் அச்சிட்டுப் பலரது நகைப்புக்கு ஆளான 'குவிப்ளர்' என்ற சிற்றேடு. உடனே பாடசாலையில் அந்த ஏடு தடைசெய்யப்படுகிறது. தடைசெய்யப்பட்ட மறுகணமே எல்லோரும் அதை வாசித்துவிடுகிறார்கள். இதனை எழுதியவருக்குத் தணிக்கை என்பது எப்படித் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது என்பது நன்கு தெரிந்திருக்கிறது.

அமைச்சு உண்மையை ஒப்புக்கொண்டதும் ப்ரொபெட் ஒரே இரவில் நிறம் மாறுகிறது. நேற்றுவரை பித்தனாயிருந்தவன் இன்று தன்னந்தனியே உண்மை பேசிய வீரனாகிவிடுகிறான். மன்னிப்பு என்ற சொல் மட்டும் எங்கும் அச்சேறவில்லை. ஏழாம் பாகத்தில் அமைச்சே கொடியவனின் கைக்குப் போனதும் அதே பத்திரிகை அவனது ஆணைகளையும் அச்சிடுகிறது. குவிப்ளரின் ஆசிரியர் முதலில் நிமிர்ந்து நிற்கிறார். அவருடைய மகள் லூனாவைப் பிடித்துச் சென்றதும் உடைந்துபோய் ஹரியைக் காட்டிக்கொடுக்க முனைகிறார். எஞ்சியிருப்பது கடவுச்சொல் வைத்துக் கேட்க வேண்டிய ஓர் இரகசிய வானொலி மட்டுமே. கொல்லப்பட்டோரின் பெயர்களை அது வாசிக்கிறது. பத்திரிகையாளனை அச்சத்தால் அல்ல, அவனது பிள்ளையால் பணிய வைக்கலாம் என்று எழுதிய அந்தப் பக்கங்களை என்னால் எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை.

இனி அடிமைகளின் கதை. பெரிய வீடுகளில் கூலியின்றித் தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்யும் 'எல்ஃப்' என்ற சிற்றினம் ஒன்று இவ்வுலகத்தில் உண்டு. எசமான் ஓர் ஆடையைக் கொடுத்தாலன்றி அவர்களுக்கு விடுதலையில்லை. ஹரி பயிலும் ஹொக்வார்ட்ஸ் பாடசாலையின் சமையற்கட்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எல்ஃப்கள் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கிறார்கள். இதை அறிந்த மாணவி ஹேர்மயனி சங்கம் அமைத்துப் போராடத் துணிகிறாள், தோழர்கள் சிரிக்கிறார்கள். அமைச்சின் முற்றத்தில் பொன்னாலான நீரூற்று ஒன்று இருக்கிறது. மந்திரவாதியையும் சூனியக்காரியையும் ஏனைய இனங்கள் பக்தியோடு அண்ணாந்து பார்த்து நிற்பதாக அதில் சிலை வடித்திருக்கிறார்கள். ஐந்தாம் பாகத்தின் இறுதியில் அது நொறுங்குகிறது. அந்தச் சிலை சொன்னது பொய்யென்றும், கூட வாழும் இனங்களை நெடுங்காலம் இழிவாக நடத்தியதன் பலனையே நாம் இன்று அறுவடை செய்கிறோமென்றும் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரே கூறுகிறார்.

நீதித்துறையின் நிலையும் இதுவே. சிரியஸ் பிளக் விசாரணையின்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் அஸ்கபான் சிறையில் வாடுகிறான். ஸ்டான் என்ற பேருந்து நடத்துநர், அரசு ஏதோ செய்கிறது என்று காட்டுவதற்காகவே கைது செய்யப்படுகிறான். இவை நடந்தபோது ஆட்சியில் இருந்தவர்கள் கொடியவனின் ஆட்களல்லர். நல்லவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களே என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

ஆக, ஆறரைப் பாகங்களாக ரௌலிங் நிறுவிய வாதம் என்ன? வோல்டெமோர்ட் வானத்திலிருந்து குதித்தவனல்லன். பொய் சொல்லப் பழகிய அமைச்சும், விற்பனையே வேதமான பத்திரிகையும், விசாரணையில்லாத சிறையும், அடிமைகளின் முதுகில் அமர்ந்த சமூகமும் அவனுக்குப் பாதையமைத்தன. அமைச்சு அவன் வசமானபோது பெரும்பாலான உத்தியோகத்தர்கள் மறுநாளும் வழமைபோல் மேசைக்கு வந்தார்கள். சாதாரண மனிதருக்குப் பிறந்த மந்திரவாதிகளைப் பதிவு செய்து தண்டிக்கும் ஆணைக்குழுவுக்கு அம்ப்ரிட்ஜ் அம்மையார் மகிழ்ச்சியோடு தலைமை தாங்கினார். அவரைப் பதவியில் வளர்த்துவிட்டது பழைய நல்லரசு தான்.

இந்த வாதத்துக்கு இறுதி அத்தியாயங்கள் தரும் தீர்ப்பு என்ன? கொடியவன் மடிகிறான். கிங்ஸ்லி தற்காலிக அமைச்சராகிறார். ஹரி உலகின் வலிமைமிக்க மந்திரக்கோலை மறுத்துவிடுகிறான்; அது உயர்ந்த செயல், அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அதே பக்கத்தில், போர் ஓய்ந்த அந்தக் காலையில், படுக்கையை நினைத்தபடியே அவன் மனதில் ஓடும் கடைசி எண்ணம் என்ன தெரியுமா? கிரீச்சர் தனக்கொரு சாண்ட்விச் கொண்டு வருவானா என்பது!

கிரீச்சர் ஹரியின் எல்ஃப். இன்னும் அவனுக்கே சொந்தமானவன். சற்று முன்னர் சமையற்கட்டுக் கத்திகளோடு தன் இனத்தவரைத் திரட்டிக்கொண்டு போரில் இறங்கியவன். இந்த ஏழாம் பாகத்தில்தான் விடுதலை பெற்ற எல்ஃபான டொபிக்கு மந்திரத்தை நாடாமல் மண்வெட்டியால் குழி தோண்டி, அவன் சுதந்திரனாக இறந்தவன் என்று ஹரி கல்லிலே பொறித்தான். அந்தக் கல்லறையைக் கட்டிய அதே கை இந்தச் சாண்ட்விச்சையும் எழுதியிருக்கிறது. ஒரு காலுறையைக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு வரியில் அதை எழுத எத்தனை சொற்கள் வேண்டும்? போரில் உயிர்பிழைத்த வீரனுக்குப் பசி எடுக்கக்கூடாதா என்று கேட்கலாம். எடுக்கலாம். அந்தப் பசியோடு கதையின் பிரதான பகுதியை நிறைவு செய்ததே என் முறைப்பாடு.

அதன் பின்னே வருகிறது 19 ஆண்டுகளுக்குப் பின்னரான பின்னுரை. அதே புகையிரத மேடை. அதே நான்கு இல்லங்கள். பதினொரு வயதுப் பிள்ளைகளை ஒரு தொப்பி இன்னமும் குணத்தின் பேரால் கூறுபோடுகிறது. இந்தப் பிரிவினை ஆபத்தானது என்று ஐந்தாம் பாகத்தில் பாடி எச்சரித்தது அந்தத் தொப்பியே என்பது எவர் நினைவிலும் இல்லை. ஸ்லிதரின் இல்லத்துக்குப் போய்விடுவேனோ என்று ஹரியின் மகன் நடுங்குகிறான். தந்தை அன்போடு தேற்றுகிறான். தேற்ற வேண்டிய தேவை ஏன் இன்னமும் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. ரொன், மந்திரமறியாத ஒரு பரீட்சகரின் மனதைக் குழப்பிச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றதைப் பகிடியாகச் சொல்கிறான். மந்திரமில்லாதோரும் மனிதரே என்பதற்காகத்தானே ஐயா இத்தனை பேர் மாண்டார்கள்? முடிவில், தழும்பு வலிக்கவில்லை, குறையேதுமில்லை என்ற பொருள்படக் கதவு சாத்தப்படுகிறது.

எல்ஃப்கள் என்ன ஆனார்கள்? அஸ்கபான் என்ன ஆயிற்று? அம்ப்ரிட்ஜ் தண்டிக்கப்பட்டாரா? இவற்றுக்கெல்லாம் ரௌலிங் விடை வைத்திருந்தார். நூல் வெளிவந்த சில நாட்களிலேயே, 2007 ஜூலை இறுதியில், இணையத்தில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தபோது அவற்றைச் சொன்னார். ஹேர்மயனி எல்ஃப்களின் வாழ்வை மேம்படுத்தினாள். சிறையிலிருந்து ஆன்மாவை உறிஞ்சும் காவலர்கள் நீக்கப்பட்டனர். அம்ப்ரிட்ஜ் சிறை சென்றார். மிக்க மகிழ்ச்சி. ஆனால் நூலில் எழுதியிருக்க வேண்டியதைச் செவ்வியில் சொல்வது, தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு மறுநாள் வாசகர் கடிதத்தில் பிரசுரிப்பதற்கு ஒப்பாகும். அந்தப் பதில்களிலே ஒன்று, ஹரியின் மனைவி ஜின்னி பின்னாளில் டெய்லி ப்ரொபெட்டில் விளையாட்டுச் செய்தியாளரானாள் என்பது. அதே ப்ரொபெட்! அவளுடைய கணவனைப் பொய்யன் என்றும், பின்னர் தேடப்படும் குற்றவாளி என்றும் அச்சிட்ட பத்திரிகை. யார் அதன் ஆசிரியபீடத்தைத் திருத்தினார்கள்? எப்போது திருத்தினார்கள்? திருத்தினார்களா?

என்னை மறுப்போர் இரண்டு நியாயங்கள் கூறுவர். முதலாவது, இது சிறுவர் நூல்; சிறுவருக்கு நிம்மதியான முடிவு வேண்டும் என்பது. சிறுவர் நூல் என்பதற்காக நான்காம் பாகத்தில் அப்பாவி மாணவன் ஒருவனின் கொலையை அவர் மறைத்தாரா? ஐந்தாம் பாகத்தில் சொந்தக் குருதியால் எழுத வைக்கும் தண்டனையை மறைத்தாரா? இவற்றையெல்லாம் தாங்கிய பிள்ளைக்கு, வெற்றிக்குப் பின்னும் வேலை இருக்கிறது என்ற செய்தியைத் தாங்கும் வலு நிச்சயம் உண்டு.

இரண்டாவது நியாயம் வலிமையானது. ஹரி தாய் தந்தையற்றவன். மாடிப்படியின் கீழுள்ள அலுமாரியில் வளர்ந்தவன். அவன் கேட்டதெல்லாம் ஒரு குடும்பம். பிள்ளைகளை வழியனுப்பும் தந்தையாக அவனைப் புகையிரத மேடையில் நிறுத்தியதே அவனுக்குரிய பரிசு என்பர். அந்தப் பரிசை நான் பறிக்கக் கேட்கவில்லை. பிள்ளைகள் அவனுக்கு இருக்கட்டும். ஆனால் ஒருவனுடைய இல்லத்தின் நிம்மதியை ஒரு சமூகத்தின் நலமாகக் கணக்கிற் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். போர் ஓய்ந்ததும் எல்லாம் நலமாகிவிடுவதில்லை என்பதைப் போரைக் கண்ட நாட்டின் வாசகனுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ரௌலிங்குக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1955இல் வெளிவந்த 'த லோட் ஒஃப் த ரிங்ஸ்' இறுதிப் பாகத்தில் மோதிரம் அழிந்த பின்பும் டொல்கீன் கதையை நிறுத்தவில்லை. வீடு திரும்பும் வீரர்கள் தங்கள் சொந்தக் கிராமமே அடக்குமுறையாளர் பிடியில் இருப்பதைக் காண்கிறார்கள், மறுபடி போராடுகிறார்கள். வென்றவனான ஃப்ரோடோவின் காயமோ ஆறுவதில்லை. அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். நமது வியாசரும் பதினெட்டாம் நாளோடு ஏட்டைக் கட்டி வைக்கவில்லை. களத்தில் பெண்களை அழவிட்டார். வென்ற தருமனையே அரசு வேண்டாமென்று கதறவிட்டார். வெற்றியின் விலையை வாசகனுக்குச் சொல்லாமல் விடுவது முறையல்ல என்று இருவரும் கருதினார்கள்.

இறுதி அத்தியாயத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிப் பாதுகாத்து வைத்திருந்ததாக ரௌலிங்கே கூறியிருக்கிறார். கோளாறு இங்கேதான் இருக்கிறதென்பது என் கருத்து. கதை வளர்ந்தது, கேள்விகள் வளர்ந்தன, ஆசிரியரும் வளர்ந்தார். முடிவு மட்டும் பழைய பெட்டகத்துக்குள் அன்று இருந்த உயரத்திலேயே இருந்துவிட்டது. சாவதற்கென்றே ஹரி தனியனாய்க் காட்டுக்குள் நடந்து செல்லும் அத்தியாயத்தை எழுதிய கைக்கு இதனினும் சிறந்த முடிவை எழுத இயலாதென்று நான் ஒருபோதும் நம்பமாட்டேன்.

இந்த நூல்களைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். வாசிக்காத பெரியோரும் வாசிக்கட்டும். இவற்றைவிடச் சிறந்த குடிமைக் கல்வியை எந்தப் பாடநூலும் அவர்களுக்குத் தராது. கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்த பிள்ளையிடம் ஒரேயொரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: அந்தப் 19 ஆண்டுகளும் டெய்லி ப்ரொபெட் என்ன எழுதிக்கொண்டிருந்திருக்கும்?