பாதி வெப்சைட்டை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருக்க மாட்டோம்

இறம்பொடை உறவுகளே,

கொஞ்சம் நீளமான பதிவுதான். பெற்றோரும் பழைய மாணவர்களும் கடைசிவரை வாசியுங்கள். இதில் உங்கள் காசும் இருக்கிறது.

பாடசாலை வெப்சைட்டை இனி நாங்களே நடத்துவோம் என்று போன கூட்டத்தில் சொன்னோம். அதைச் செய்துகொடுத்தவர் ஒரு பென் டிரைவைத் தந்து, "முழு சைட்டும் இதில இருக்கு சேர்" என்றார். ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்து, லெப்டொப்பையே சேர்வர் ஆக்கும் எக்ஸாம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அந்த ஃபோல்டரை அதற்குள் வைத்துத் திறந்தோம். டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது.

அன்றிரவே வட்ஸ்அப் குரூப்பில் தீர்ப்பும் வந்துவிட்டது: "இதெல்லாம் டீச்சர்மாருக்குச் சரிவராது. காசு குடுத்து ஆள் பிடிங்க."

அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

பிழை லெப்டொப்பிலா என்று முதலில் பார்த்தோம். புதிதாக ஒரு வெறும் வேர்ட்பிரஸ் போட்டோம். அது உடனே திறந்தது. ஆகவே லெப்டொப்பும் சரி, நாங்களும் சரி. பிழை பென் டிரைவில்.

வேர்ட்பிரஸ் சைட் ஒன்றுக்கு இரண்டு பங்கு உண்டு. படங்கள், பிடிஎஃப், தோற்றம் எல்லாம் ஃபோல்டரில் இருக்கும். நாம் எழுதிய கட்டுரைகள், அறிவித்தல்கள், செட்டிங்ஸ் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது முதல் பங்கு மட்டும். வினாத்தாள் பிடிஎஃப்கள் வந்திருக்கின்றன. எது எந்தத் தரத்துக்கு, எந்த வருடத்துக்கு என்று பிள்ளைகள் தட்டிப் பார்க்கும் பக்கங்கள் வரவில்லை. கூடையைத் தந்துவிட்டுக் கொழுந்தை அங்கேயே வைத்துக்கொண்ட கதை இது.

அவர் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் அழுத்தினால் ஒரு எஸ்கியூஎல் ஃபைல் வரும். அதைத் தந்தால் மிச்சம் எங்கள் வேலை. கொன்பிக் ஃபைலில் டேட்டாபேஸ் பெயர், பாவனையாளர் பெயர், பாஸ்வேர்ட் மூன்றையும் எங்கள் லெப்டொப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். டேட்டாபேஸின் ஒப்ஷன்ஸ் அட்டவணையில் பழைய முகவரி இரண்டு இடத்தில் இருக்கும். அதையும் லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பக்கம் பழைய சைட்டுக்கே ஓடும். இதற்கு இன்னொரு பில் தேவையில்லை. இன்னொன்று, லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இதே மெஷின்" என்று அர்த்தம். உங்கள் போனில் அது திறக்காது. அதை வைத்து "வேலை செய்யல்ல" என்று கதை பரப்ப வேண்டாம்.

"பேஸ்புக் பேஜ் போதும்தானே?" என்கிறார்கள். போன வருடம் போட்ட வினாத்தாளை அதில் தேடி எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். நூலகம் திட்டம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இலவச மென்பொருளில்தான் இணையத்தில் சேர்த்துவருகிறது. தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை அது. வேர்ட்பிரஸும் 2003 முதல் யாரும் சும்மா எடுத்துப் பாவிக்கக்கூடியது. நாங்கள் காசு கொடுத்தது ஒருவரின் உழைப்புக்கு. அதை மறுக்கவில்லை. ஆனால் உழைப்புக்குக் காசு வாங்கியவர் சாவியையும் வைத்துக்கொள்ள முடியாது.

ஹோஸ்டிங் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு டேட்டாபேஸை அழித்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே வரும் கூட்டத்தில் மூன்று தீர்மானம் வேண்டும்:

1. எஸ்கியூஎல் ஃபைல் கைக்கு வரும்வரை மிச்சக் காசு கொடுக்கக் கூடாது.
2. டொமைன் தனி ஆளின் பெயரில் அல்ல, பாடசாலையின் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் சீல் வைத்த உறையில் அதிபரிடம் இருக்க வேண்டும்.
3. ஒவ்வொரு தவணை முடிவிலும் ஃபோல்டர், டேட்டாபேஸ் இரண்டையும் பிரதி எடுக்க வேண்டும்.

குரூப்பில் தீர்ப்புச் சொன்னவர்களும் தவறாமல் வாருங்கள். லெப்டொப்பைக் கொண்டுவருகிறோம். பிழை எங்கே என்று உங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.