கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்கள்

சினைப்பசு ஒன்று கன்றை ஈன முடியாமல் இறந்துவிட்டால் "அதன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிக் குழி தோண்டுவது எம் மத்தியில் வழக்கமாகிவிட்டது. இதை நாம் ஏற்பதற்கில்லை. ஈற்று நேரத்து ஆபத்துகளில் பல, அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் நாம் செய்ததாலும் செய்யாததாலும் வருபவை. இடம்பெயர்ந்த குடும்பங்கள் முதலில் இழப்பதும் அந்த இரண்டு மாதப் பராமரிப்பைத்தான்.

ஊவா மலைகளில் இடம்பெயர்வு புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்தையே உலுக்கியது. ஒவ்வொரு முறையும் பாடசாலை மண்டபங்களில் ஆட்களை எண்ணினார்கள், பாய் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். அது நல்லது. ஆனால் நிறைசினையாக நிற்கும் பசுவை எந்தப் பட்டியலில் எழுதுவது? புல்லும் இல்லை, பட்டியும் இல்லை என்ற நிலையில் வியாபாரி வந்து கேட்கும் விலைக்கு மாடு போய்விடுகிறது. போவது ஒரு மாடு மட்டுமல்ல. பெயர் பதிந்த நாட்சம்பளத்துக்கு வெளியே அந்த வீட்டுப் பெண்ணின் கையில் வந்த பால் காசும் போய்விடுகிறது.

ஒரு காலத்தில் இந்த மலைகளில் துரைமார் குதிரையில் திரிந்தார்கள். குதிரைக்கு லாயம் இருந்தது, பார்த்துக்கொள்ளக் குதிரைக்காரன் இருந்தான். பெண் குதிரை ஏறத்தாழ 11 மாதம் சுமக்கிறது. பனிக்குடம் உடைந்தால் அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வர வேண்டும். பிந்தினால் குட்டிக்கும் தாய்க்கும் ஆபத்து. அதனால்தான் குதிரை வளர்ப்போர் கடைசி வாரங்களில் இரவும் பகலும் காவல் இருக்கிறார்கள். பசு எமக்கு அதைவிடக் கூடுதல் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தை நாம் வீணாக்குகிறோம் என்பதே எமது கவலை.

நாளை எழுதி வையுங்கள்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள், அதாவது 9 மாதமும் 10 நாளும். செயற்கை முறையில் சினைப்படுத்திய நாளையோ காளைக்கு விட்ட நாளையோ கலண்டரில் குறித்து வைத்தால் ஈனும் நாள் தெரிந்துவிடும். இடம்பெயரும்போது அடையாள அட்டையோடு அந்தச் சீட்டும் போகட்டும்.

கன்றின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் நடக்கிறது. ஆகவே ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்பே பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். "அந்தக் காசும் நின்றால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டு மாதமும் கறந்தால் மடி ஓய்வின்றிப் போய், அடுத்த ஈற்றின் பால் குறைகிறது.

350 கிலோ எடையுள்ள பசுவுக்கு ஒரு நாளைக்கு 35 கிலோ அளவில் பச்சைப் புல் வேண்டும். குவாத்தமாலா புல்லோடு கிளிசரிடியா, முள்முருங்கை இலைகளையும் கலந்து கொடுக்கலாம். பட்டினி போடுவதும் தவறு, கடைசி நேரத்தில் புண்ணாக்கை அள்ளிப் போட்டுக் கொழுக்க வைப்பதும் தவறு. கொழுத்த பசுவுக்கு ஈற்று வழி ஒடுங்கிவிடும். சிறிய நாட்டுக் கிடாரிக்கு முதற் சினையிலேயே பிரீசியன் இன விந்தைக் கேட்காதீர்கள். கன்று பெரிதாகி வழியில் சிக்கும். ஜேர்சி இனத்தைக் கேளுங்கள்.

சரிவு நிலத்தின் ஆபத்து

ஹொப்டன், அடாவத்தைப் பக்கங்களில் சமநிலம் அரிது. சலம் வடிய வேண்டும் என்று பட்டித் தரையைப் பின்பக்கம் மிகவும் சரித்துப் போடுகிறார்கள். நிறைசினைப் பசு அதில் படுத்தால் வயிற்றுப் பாரம் முழுவதும் பின்னே தள்ளும். படுக்கும்போது பின்புறத்தில் சிவந்த சதை பிதுங்கி, எழுந்தால் உள்ளே போவது அடிதள்ளலின் தொடக்கம். பின்கால்கள் சற்று உயரும்படி தரையைத் திருத்துங்கள். வெளியே வந்த சதையைச் சுத்தமான தண்ணீரால் கழுவி ஈரத்துணியால் மூடி, உடனே கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். சாம்பல் பூச வேண்டாம்.

சரிவில் வழுக்கி விழுந்த பசுவுக்குக் கருப்பை முறுக்கிக்கொள்ளவும் கூடும். நாள் வந்தும் பசு அமைதியின்றி எழுந்து படுத்துக்கொண்டிருக்கிறது, பனிக்குடமோ காணவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கடைசி மாதத்தில் உயிராபத்து இருந்தாலொழியப் பசுவை லொறியில் ஏற்றக் கூடாது. ஏற்றத்தான் வேண்டுமென்றால் தரையில் மானாப் புல்லைத் தடிப்பாகப் பரப்புங்கள்.

இழுக்காதீர்கள்

முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் கன்று சரியாக வருகிறது. பனிக்குடம் உடைந்தபின் முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால், ஈன்று பழகிய பசுவுக்கு ஒரு மணி நேரமும் முதல் ஈற்றுக் கிடாரிக்கு இரண்டு மணி நேரமும்தான் எல்லை. வால் மட்டும் தெரிந்தாலோ, தலை வந்து கால் வராவிட்டாலோ அந்த எல்லையும் இல்லை. நாலு பேர் கயிறு கட்டி இழுப்பதால் கன்றும் போகும், தாயின் இடுப்பும் போகும்.

இளங்கொடி விழவில்லையென்று கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்தில் விழாவிட்டால் வைத்தியரிடம் சொல்வதே வழி. ஈன்ற இரண்டு மூன்று நாட்களுக்குள் காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் பசு படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உண்மையில் இரத்தத்தில் கல்சியம் குறைந்துவிட்டது. நரம்பில் ஏற்றும் கல்சிய மருந்தால் பல பசுக்கள் சில மணி நேரத்திலேயே எழுந்துவிடும். அப்போது வாயில் கசாயம் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் அது நுரையீரலுக்குப் போகும்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு கன்று கலைந்து விழுந்தால் அது புரூசெல்லா நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள். கர்ப்பிணித் தாய்மார் அருகே போக வேண்டாம். பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

யாருடைய பொறுப்பு?

இவ்வளவையும் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்தின் பின் கால்நடைச் சேவை மாகாண சபைகளுக்கு வந்தது. சினைப்படுத்த ஆள் வருவதோடு சேவை முடிந்துவிடக் கூடாது. ஒன்பது மாதம் கழித்து நள்ளிரவில் பசு அவதிப்படும்போது மேட்டு லயத்திலிருந்து யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டாலும் எந்த மொழியில் விளக்குவது?

தோட்ட வீட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் கிடைத்தது 7 பேர்ச் காணி, அதாவது ஏறத்தாழ 1900 சதுர அடி. வீடு, சமையலறை, மலசலகூடம் போக அதில் பட்டிக்கும் புல்லுக்கும் எங்கே இடம்? மாடு வளர்த்து முன்னேறுங்கள் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்போம். முதலாவது, அனர்த்தப் பட்டியலில் சினைப்பசுவையும் அது ஈனும் நாளையும் எழுத வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் தமிழ் பேசும் இளைஞர் அல்லது பெண் ஒருவருக்கு ஈற்றுக்காலப் பராமரிப்பில் பயிற்சி கொடுக்க வேண்டும். மூன்றாவது, மீள்குடியேற்றத் திட்டத்தில் பொதுப் புல் நிலத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

இவற்றைக் கேட்கத் தனியொரு குடும்பத்தால் முடியாது. முகாமிலோ புதிய குடியிருப்பிலோ மாடு வைத்திருக்கும் பத்து வீட்டார் இந்த வாரமே கூடுங்கள். எந்தப் பசு எப்போது ஈனும் என்று ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியை கிராம சேவகரிடமும் மற்றதைக் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் கொடுங்கள். எழுத்தில் போன கணக்கை மறுப்பது எவருக்கும் எளிதல்ல.