உறுதி இல்லாத உரிமை

காடழிப்பு என்ற தலைப்பைத் தந்தால் எமது கட்டுரைகள் எல்லாம் ஒரே பாதையில்தான் செல்கின்றன. மழை குறையும், மண் அரிக்கப்படும், யானை ஊருக்குள் வரும், ஆகவே மரம் நடுவோம் என்று எழுதி முடித்துவிடுகிறோம். இவை அனைத்தும் உண்மையே. ஆயினும் அந்தக் காட்டுக்குள் வாழ்ந்த மனிதர்களுக்கு என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை. இலங்கையில் அந்த மனிதர்கள் வேடர்கள். அவர்கள் தம்மை வன்னியலெத்தோ என்று அழைத்துக்கொள்கிறார்கள். காட்டில் வாழ்வோர் என்பது அதன் பொருள். காடு போனால் அந்தப் பெயரில் என்ன மிஞ்சும்?

1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வேடர்கள் என 5,332 பேர் பதிவாகியிருந்தனர். 1963 இல் அத்தொகை 400 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் இவர்கள் எல்லோரும் இறந்துவிடவில்லை. காட்டை விட்டு ஊர்களோடு கலந்த பலர் சிங்களவராகவோ தமிழராகவோ எண்ணப்பட்டனர். வாகரை, வெருகல், மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவர்களின் நிலம் ஒரே நாளில் பறிபோகவில்லை. 1840 இல் பிரித்தானியர் ஒரு காணிச் சட்டம் கொண்டுவந்தனர். தன்னுடையது என்று ஒருவர் நிரூபிக்காதவரை காடும் பயிரிடப்படாத நிலமும் முடிக்கே சொந்தம் என்றது அச்சட்டம். எழுத்தில் எதையும் வைத்திராத மக்கள் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? சுதந்திரத்தின் பின் கல்லோயாத் திட்டம் வந்தது. அதன் பின் மகாவலித் திட்டம் வந்தது. வேடர்கள் வேட்டையாடிய காடுகள் நீர்த்தேக்கங்களாகவும் வயல்களாகவும் மாறின. எஞ்சியிருந்த பெருங்காடு 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு சுமார் 58,850 ஹெக்டேயர். நேற்று வரை தேன் எடுக்கப் போன காட்டுக்குள் இன்று போனால் குற்றம் என்றாயிற்று. போனவர்கள் கைதானார்கள், தண்டம் கட்டினார்கள்.

வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு ஹெனானிகல போன்ற குடியேற்றங்களில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு நிலமும் கிடைத்தன. அதை நட்டஈடு என்று சொல்லலாம். ஆனால் மலைப் பாறையில் கட்டியிருக்கும் பெருந்தேன்கூட்டைக் கொடியேணியில் இறங்கிப் புகைபோட்டு எடுக்கும் திறமைக்கு வயலில் என்ன வேலை? அப்போது பாடும் பாட்டை எங்கே பாடுவது? இறந்த உறவினர் அந்தக் காட்டிலேயே காவலாக நிற்கின்றனர் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எமது மார்க்கத்துக்கு உடன்பாடானதன்று. ஆனாலும் தம் முன்னோர் அடங்கிய மண்ணை விட்டுப் போகச் சொன்னால் எந்த மனிதனுக்குத்தான் வலிக்காது? ‘போகமாட்டேன்’ என்று தம்பானையிலேயே தங்கிவிட்ட முதிய தலைவர் ஊருவரிகே திசாஹாமி 1998 இல் காலமானார். அவருடைய மகன் வன்னியலெத்தோ 1996 இல் ஜெனீவா வரை சென்று ஐக்கிய நாடுகள் சபையின் அமர்வில் தம் மக்களுக்காகப் பேசினார்.

வனவிலங்குகளைக் காக்க வேண்டாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் காட்டைக் காப்பதற்காகத்தான் வேடர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்றால், அதே காடு மற்றவர்களுக்கு எப்படித் திறக்கிறது? பொல்லேபெத்த, றம்பக்கன் ஓயாப் பகுதியில் தம் முன்னோரின் காடு சோளச் செய்கைக்காகத் துப்புரவாக்கப்படுகிறது என்று முறையிட்டு 2020 இல் அதே தலைவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்தது. தேன் எடுப்பவனுக்குப் பூட்டிய காடு புல்டோசருக்கு மட்டும் திறப்பது என்ன நீதி?

இன்னொரு வாதமும் உண்டு. இன்றைய வேடர்கள் சட்டை போடுகிறார்கள், கைபேசி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு இனி எதற்குக் காடு என்பது அது. எம் கைகளிலும்தான் கைபேசி இருக்கிறது. அதனால் நாம் முஸ்லிம்கள் இல்லாமல் போய்விட்டோமா? மாறாமல் இருந்தால்தான் உரிமை தருவோம் என்று எங்களிடம் யாராவது சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

இதை எமது சமூகம் இலகுவாகவே விளங்கிக்கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்மவரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பல்லாண்டுகளின் பின் திரும்பிச் சென்றபோது தம் காணிகள் பற்றைக்காடாகி, சில இடங்களில் வர்த்தமானியில் வனமாகியும் இருந்ததைக் கண்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். உறுதியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், உறுதி என்ற ஒன்றே இல்லாதவர்களின் நிலை என்ன?

பழங்குடிகளின் சம்மதம் பெறாமல் அவர்களை நிலத்திலிருந்து அகற்றக்கூடாது என்கிறது 2007 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனம். இலங்கை அதற்கு ஆதரவாக வாக்களித்தது. வாக்களித்தால் மட்டும் போதாது. சம்மதம் கேட்பது எம் நாட்டுச் சட்டமாகவும் வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு தேன் எடுக்கலாம், எங்கே வேட்டை கூடாது என்பதை அதிகாரிகளும் வேடர்களும் ஒன்றாக இருந்து தீர்மானிக்கட்டும். காட்டைக் காக்கும் வேலைக்கு அந்தக் காட்டை அறிந்தவனை விடப் பொருத்தமானவன் யார்?

பெற்றோரே, தோழியரே! கல்விச் சுற்றுலாவில் தம்பானைக்குப் போகிறோம். தோளில் கோடரியோடு நிற்பவருடன் படம் எடுக்கிறோம், ஒரு போத்தல் தேன் வாங்குகிறோம், பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். இனிப் போகும்போது ‘இந்தத் தேனை எங்கே எடுத்தீர்கள், அங்கே போக உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?’ என்று ஒரு வார்த்தை கேட்போம். காடு எமக்கு அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். அமானிதத்தில் அடுத்தவரின் பங்கும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு அதைக் காப்பாற்ற முடியாது.